செம்பனைத் தோட்டத்தில் விடமாட்டேன்

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, சிலிபினில் எங்கள் வீட்டு வாசலில் என் மகள் அலறினாள். அவள் நடக்கக் கூட்டிச் சென்ற எங்கள் நாய் டைகர், எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்த சின்ன நாயின் காதைக் கவ்வியிருந்தது. விலக்கப் போன மகளின் கையிலும் பல் பட்டுவிட்டது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத்தான் பிரித்தேன். கிளினிக்கில் அவளுக்கு ஊசி போட்டார்கள்.

விஷயம் கேட்டு வந்த என் கொழுந்தன், "எதுக்கு அண்ணி வம்பு? நாயைத் தூரமா, சுங்காய்ல செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வாரேன். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க லா," என்றார்.

"எல்லாரும் செய்யட்டும். என் நாய் இங்கதான் இருக்கும்."

சின்ன வயதில் தோட்டத்து வீட்டில் நாயைக் கட்டியே வளர்த்த பழக்கத்தில், டைகரை நாள் முழுதும் கேட் பக்கத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தேன். தெருவில் போகும் நாய்களை எட்ட முடியாமல் பார்த்துப் பார்த்தே அதற்கு மூர்க்கம் ஏறியிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். இப்போது சங்கிலி இல்லை. வீட்டின் பின்பக்கம் விடுகிறேன். வாய்க்கூடு போட்டு நானே நடத்திச் செல்கிறேன். வேறு நாய் தெரிந்தால் கிட்டே போகாமல் திரும்பிவிடுகிறேன்.

நேற்று எதிர்வீட்டு அக்கா வந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டைத் திறந்தேன்.

"யார் சொன்னாலும் நாயைக் கொண்டு போய் விட்டுடாதம்மா," என்றார். "என் கேட்டும் தொறந்துதான கெடந்துச்சு."