லாரி டியூபில் வெட்டிய பேக்கிங்

ஆறுமுகசாமியின் தென்னந்தோப்புக்குள் மெக்கானிக் என்று ஒருத்தன் காலை வைத்ததில்லை. வைக்க விட்டால்தானே! மோட்டார் மக்கர் செய்தாலும், மருந்தடிக்கிற மிஷின் நின்றுபோனாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உட்கார்ந்துவிடுவார். பைப் ஜாயிண்டில் தண்ணீர் கசிந்தால் அவரிடம் ஒரே வைத்தியம்தான். பழைய லாரி டியூபை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இரண்டு தட்டுக்கும் இடையில் வைத்து முறுக்குவார். ஒரு சொட்டு வெளியே வராது. கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் உள்ள தோட்டக்காரர்கள் எல்லோரும் அந்த ரப்பர் பேக்கிங்கைக் கேட்டு வாங்கிப் போவார்கள். மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அவர் மனைவி நாச்சம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் பாலக்காட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். பஸ்ஸில் போய்வர உடம்பில் தெம்பில்லை. வீட்டில் இருந்த பழைய கார்தான் கதி. பின்சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுப்பாள். குளிர்காற்று ஆகாதென்று பின்பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிக்கொண்டு ஓட்டுவார் ஆறுமுகசாமி. வெற்றிலை போடுகிறவர், துப்ப வேண்டாமா?

ஒரு நாள் அந்தக் கார் இழுக்க மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகியதே தவிர நகரவில்லை. பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் பண்ணுகிற பெட்டி, கன்வெர்ட்டர், அடைத்துக்கொண்டது என்றார்கள். புதுசு வரவழைத்து மாட்ட ஒரு வாரம் ஆகும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள்.

"ஒரு வாரமா? எம் பொண்டாட்டி ஒரு வாரம் தாங்குவாளா?" என்று சத்தம் போட்டுவிட்டு, மறுநாளே கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போனார். பழைய சாமான் கடைக்காரர் சிக்கந்தர், அதே மாடல் காரில் கழற்றிய கன்வெர்ட்டர் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"ஜாயிண்ட் பேக்கிங் எங்கிட்ட இல்லீங்ணா. வெளிய புதுசா வாங்கிப் போட்டுக்கங்க. மறந்துராதீங்க."

"பேக்கிங்கா? அது என்ற ஊட்டுலயே கெடக்குதுங்க" என்று சிரித்தார் ஆறுமுகசாமி.

காரைத் தூக்க அவரிடம் ஜாக்கி இல்லை. தோப்பு வாய்க்காலில் தண்ணீர் விடாத காலம். வாய்க்காலின் இரண்டு கரையிலும் சக்கரம் நிற்கும்படி காரை ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே காய்ந்த வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டார். துருப்பிடித்த போல்ட்டுகளோடு பொழுதுசாய மல்லுக்கட்டினார். புருவத்தில் துரு கொட்டியது, கை கிழிந்தது. விடவில்லை. கடைசியில் லாரி டியூபில் பேக்கிங் வெட்டி, ஜாயிண்டில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. பக்கத்துத் தோட்டத்து பூபதிராஜா வந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருந்தா அத்தைக்குக் கிட்னியவே மாத்திப்போட்டிருப்பீங்க" என்றான். அன்றைக்கு நாச்சம்மாள்கூடச் சிரித்தாள்.

முதல் பயணத்தில், பாலக்காட்டு ரோட்டில் சித்தூர் தாண்டும்போது அவள் போர்வையை விலக்கினாள். "ஏனுங்க, ரப்பர் கருகற வாசம் வருதுங்களே?"

"புதுசா மாட்டுனதுதானே, ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். அடங்கிரும்."

சொன்ன மாதிரியே அடங்கிவிட்டது. ஐயோ, அடங்கியதைத்தானே அந்த மனுஷன் நம்பினார்!

அப்புறம் வந்தது தலைவலி. நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். கண் இருட்டும். காரை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுப்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்டார். டயாலிசிஸ் முடிந்தால் சிலருக்குத் தலைவலி வரும் என்றாள் அவள். அதுவும் உண்மைதான். போகும் வழியிலேயே வலி ஆரம்பிக்கிறது என்பதை இவர் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் நாச்சம்மாள் சொன்னாள். ஒருமுறை இல்லை, எத்தனையோ முறை. "ஊசி குத்தறது வலிக்குலீங்க. இந்தத் தலைவலிதான் தாங்க முடியல. போறப்பவே ஆரம்பிச்சுருது."

"போறப்பவே எப்படி வரும்? பயத்துக்குத் தலைவலின்னு பேரு வெக்காத" என்று எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. ஒரு நாள் காலை கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கூப்பிட, நாச்சம்மாள் கட்டிலைவிட்டு எழவில்லை. "நா வல்லீங்க. இனி என்னையக் கூப்புடாதீங்க. ஊட்டுலயே கெடந்துக்கறேன்." கெஞ்சினார். திட்டினார். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். உடுமலையிலிருந்து மகள் மௌனிகா ஓடிவந்து அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. இனி எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்பதில் நாச்சம்மாள் அசையவே இல்லை. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு முட்டி, அந்த வாரத்துக்குள்ளேயே செத்துப்போனாள். பாவி மனுஷி மனசைத் தளரவிட்டுட்டா என்று ஊர் சொன்னது. அவரும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் கோபத்தோடேயே.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்களைச் செக்போஸ்டில் விட்டுவரக் காரை எடுத்தார். அடியில் படபடவென்று சத்தம். திரும்பி வந்ததும் பழையபடி வாய்க்கால்மேல் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தார்.

ஜாயிண்டில் பேக்கிங் இல்லை. தண்ணீரைத் தாங்குகிற ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்குமா? கருகி உதிர்ந்து, இடைவெளிதான் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய புகையின் கரி, காரின் அடித்தகட்டில் அப்பிக்கொண்டு மேலே போயிருந்தது. போன இடத்தில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று. உள்ளே பின்சீட்டுக்குக் கீழே அந்த ஓட்டைக்குமேல் கயிற்று மிதியடியைப் போட்டு மூடியதும் அவர்தான்.

மேலே ஏறி இன்ஜினை ஓடவிட்டார். மிதியடியை எடுத்துவிட்டு ஓட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுவென்று புகைக்காற்று அடித்தது. என்ன நினைத்தாரோ, கண்ணாடியை இறக்காமலே பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நாச்சம்மாள் தலைவைக்கிற பக்கம் தலைவைத்துப் படுத்தார். பெரிதாக வாசம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தன. குமட்டியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தவர், எழுந்து முன்கண்ணாடி வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு மௌனிகா ஓடிவந்தாள். அப்பா குமுறிக்குமுறி அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"அழாதீங்கப்பா. நீங்க பார்த்த மாதிரி அம்மாவ யாரு பார்த்திருப்பாங்க? அவதான் இல்லாத தலைவலியச் சொல்லிட்டு வரமாட்டேன்னுட்டா."

ஆறுமுகசாமி அவள் கையை விலக்கினார். 

"அப்படிச் சொல்லாத கண்ணு. உங்கம்மாளுக்குத் தலை வலிச்சது நெசம்."