மெஷின் இல்லாத ஆப்பரேட்டர்

தட்டு நிறைய ஷாஃப்ட். அளந்து பார்த்தால் பாதிக்குப் பாதி கழிவு. லியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. நேற்று இதே வெங்கட் போட்டதில் ஒரு பீஸ் கூடச் சோடை போகவில்லை.

"என்னாடா இது? கண்ணு வேலை செய்யுதா இல்லியா?"

"மெஷினு அப்டி, சார்."

"மெஷினுக்கு வாய் இல்லன்னு அது மேல பழிய போடறியா?"

வெங்கட் கையுறையை உருவிப் போட்டுவிட்டு டீக்குப் போய்விட்டான்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பாகம் செய்து தரும் சின்னக் கம்பெனி அது. லியோ அங்கே லைன் சூப்பர்வைசர். அப்பா சூசை குருபரப்பள்ளிப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் காய்ந்து, இன்ஜினியரிங் முடித்து வந்தவன் மகன். வேலையில் மெத்தனம் காட்டுகிறவனைக் கண்டால் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். கையில் வேலை இருந்தும் செய்ய வலிக்கிறதென்றால் அது என்ன கொழுப்பு?

மேனேஜர் ஸ்ரீராம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அடுத்த வாரம் பெங்களூர்லேர்ந்து கஸ்டமர் வராங்க. அதுக்குள்ள அந்த வெங்கட்ட திருத்து, இல்ல வெளிய அனுப்பு. அவங்க முன்னாடி மானம் போச்சுன்னா அவனோட சேர்ந்து நீயும் கெளம்பவேண்டியதுதான்."

லியோ டீக்கடைக்கே போய் வெங்கட்டைப் பிடித்தான்.

"நேத்து நல்லாதானடா போட்ட?"

"நேத்து முனிலட்சுமியக்கா மெஷினு, ஒரு வாரமா நின்னு கை பழகிடிச்சி. இன்னிக்கி அக்கா வந்துட்டாங்க, கோபி வரல. அவன் மெஷின்ல தள்ளுனீங்க. நாளைக்கி யாரு லீவோ, அங்க போவணும்."

"எல்லா மெஷினும் தெரிஞ்சவன் நீதான்னு நிறுத்தறோம். பெருமைடா அது!"

"பெருமையா?" வெங்கட் கிளாஸை ணங்கென்று வைத்தான். "மெஷின் போர்டுல அவங்க பேருதான் இருக்கு. நல்லா வந்தா கோபி பேரு. கெட்டா மட்டும் வெங்கட்டு. ஆயுத பூஜைக்கி எல்லாரும் அவங்கவங்க மெஷின தொடச்சி, பொட்டு வெச்சி, மாலை போட்டாங்களே, எனக்கு மாலை குடுத்தீங்களா? பொரிப் பொட்டலத்த கையில திணிச்சிட்டுப் போனீங்க. வேடிக்கை பாக்க வந்தவன் மாதிரி நின்னேன், சார்."

பூஜைக்குப் பூமாலை வாங்கி வந்தது லியோதான். மெஷினை எண்ணி வாங்கினான், ஆளை எண்ணவில்லை. அது சுருக்கென்று தைக்க, கோபம் இன்னும் கூடியது.

"அதுக்காக பீஸ கெடுப்பியா?"

"கெடுக்கல. மெனக்கெடல."

அந்தச் சூட்டோடு லியோ நேரே ஸ்ரீராம் அறைக்குள் நுழைந்தான். "மூலையில சும்மா கெடக்கற கிரைண்டிங் மெஷின வெங்கட்டுக்குக் குடுங்க, சார். அவனுக்கே."

"அப்புறம் ஆள் வராத எடத்துல யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"நிப்பேன்!" வாய் முந்திக்கொண்டது.

ஸ்ரீராம் அதைப் பிடித்துக்கொண்டு சரியென்றார். கிரைண்டிங் மெஷின் போர்டில் வெங்கட் பேரை லியோவே எழுதினான். "ஒரு பீஸ் போச்சுன்னாலும் சும்மா வுடமாட்டேன்" என்று உறுமினான். வெங்கட் எழுத்தைப் பார்த்தான். "மொதல்ல துணி குடுங்க, சார். மெஷினெல்லாம் எவ்ளோ அழுக்கு!"

கஸ்டமர் வந்த அன்றைக்குப் பார்த்து கோபி மட்டம் போட்டான். சலவைச் சட்டையில் எண்ணெய் தெறிக்க, கோபியைத் திட்டிக்கொண்டே லியோ அவன் மெஷினில் நின்றான். வந்தவர்கள் வெங்கட்டின் தட்டிலிருந்து எடுத்து எடுத்து அளந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. போகும்போது கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள், ஸ்ரீராமின் கையை.

"பாத்தியா லியோ? மெரட்டினாதான் இவனுங்ககிட்ட வேலை நடக்குது!"

லியோ எண்ணெய்த் துணியைத் தரையில் ஓங்கி அடித்தான். "மெரட்டுனப்ப பாதி கழிவு, சார். மெஷின் குடுத்தப்புறம்தான் இது. வேணும்னா நாளைக்கி அவன் பேர அழிச்சிப் பாருங்க."

ஸ்ரீராமின் முகம் சுண்டிப்போனது. பேரை அழிக்கச் சொல்லவில்லை.

அவர் நகர்ந்ததும் வெங்கட் வந்து லியோவின் தட்டிலிருந்து ஒரு பீஸை எடுத்து அளந்தான். கழிவுக் கூடையில் போட்டான். இன்னொன்று. அதுவும் கூடைக்குப் போனது.

"என்னா சார், கண்ணு வேலை செய்யுதா?"

"போடா உன் மெஷினுக்கு!" என்று கத்தினான் லியோ.