முறை வைத்து நித்திரை

நியூசிலாந்திலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. உடம்பு அலுப்பு இன்னும் போகவில்லை. காண்கிறவர்கள் எல்லோரும் "ஹொலிடே எப்பிடி?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஹொலிடே என்று பெயர் வைத்தவரைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நானும் மனைவியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் பதிவு செய்து தந்த பஸ் பயணம் அது. முப்பது வருடம் எனக்கு பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பகல் வேலை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பிள்ளைகளை ஒருவரிடமும் விட மனமில்லாமல் நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு. அவள் உள்ளே வர நான் வெளியே போவேன். கதையெல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரே சோபாவில் இருந்தும் எங்களுக்குக் கதைக்க ஒன்றும் வரவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, தப்பியோட இடமில்லை, அங்கேயாவது கதைப்போம் என்று நம்பித்தான் போனேன்.

காலை ஆறு மணிக்குப் பயணப் பெட்டி ஹோட்டல் அறை வாசலில் இருக்கவேண்டும். ஏரி பார்க்க நாற்பது நிமிடம், அருவி பார்க்க இருபது. இளசுகள் காலில் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து குதித்தார்கள், ரப்பர் படகில் ஆற்றோடு அடிபட்டுப் போனார்கள். நாங்கள் அவர்களுடைய சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தோம். பஸ் வெளிக்கிட்டதும் பழைய பழக்கம் வந்துவிடும். பாஸ்போட் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் விழித்திருக்க, மற்றவர் நித்திரை. அவள் கண் விழித்ததும் நான் சாய்ந்துவிடுவேன். ஒருவரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் மாவோரி மக்களின் ஊர் ஒன்றுக்குப் போனோம். வரவேற்புப் பாட்டு முடிந்ததும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நெற்றியும் மூக்கும் தொட்டு ஒரே மூச்சை இரண்டு பேரும் எடுப்பதுதான் அவர்களின் வணக்கம். வயதான ஒரு அம்மா எனக்குச் செய்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரோடும் செய்யச் சொல்லிக் கைகாட்டினார். பக்கத்தில் நின்றது என் மனைவி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் என் தோளில் கை வைத்து நெற்றியை முட்டினாள். மற்றவர்கள் கண்ணை மூடுகிறார்கள், இவள் மூடவில்லை. கொஞ்சம் தலையைப் பின்னே எடுத்து என்னையே பார்த்தாள்.

"உங்கட கண்ணில வெள்ளை விழுந்திருக்கு," என்றாள்.

"ஓம். கற்றரக்ட். ஒப்பரேசன் செய்யவேணுமாம்."

"எப்ப தொடக்கம்?"

"டொக்டர் சொல்லி ரெண்டு வருசமாகுது."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"அண்டைக்கே சொல்லுவம் எண்டுதான் வந்தனான். நீர் நித்திரை."

வழிகாட்டிப் பெண் மணிக்கூட்டைக் காட்டி எல்லோரையும் பஸ்ஸுக்குக் கூப்பிட்டாள். மனைவி என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே," என்றாள்.

முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் அவளை எழுப்பியதில்லை. அதைத்தான் அன்பென்று நினைத்திருந்தேன்.