கழிப்பறை வாசலில் கிடைத்தவள்

பெருங்குடலில் புண், ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூட்டு உடம்பு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்தார். பெரியம்மா கல்வராயன் மலைக்கு ஆள் அனுப்பி ஏதோ வேர் வாங்கி வந்து இடித்துக் கொடுத்தார். அதைக் குடித்த பிறகு ரத்தம் இன்னும் ஜாஸ்தியாகப் போனது. கள்ளக்குறிச்சியில் கல்லூரி. பாதி வகுப்பில் எழுந்து ஓடுவேன், திரும்பி வந்தால் சிரிப்பார்கள். கல்யாண வயதுப் பெண் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளைச் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கழிப்பறை வாசலில்தான் முதலில் பார்த்தேன். சின்னசேலத்துப் பெண், அவளுக்கும் இதே நோய். எனக்கு முன்னால் நின்றவள் என் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். "நீ போ, எனக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் காலில் விழுந்திருப்பேன். நேரம்தான் இல்லை.

அதிலிருந்து தினமும் போனில் பேச்சு. எந்த பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், விசேஷ வீட்டில் எதைத் தொடக்கூடாது, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். இரண்டு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே மலத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கலாம் என்பதும் அவளால்தான் தெரிந்தது. வேறு யாரோடும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் வந்து நாலு பேரிடம் விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், மருந்துக்கடையைக்கூட விடமாட்டார்கள். அவள் அப்பா மருந்துச் சீட்டுகளை அடுப்பில் போட்டார். என் நம்பரையும் அழிக்கச் சொன்னார்.

"நீ யாருன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? இனிமே போன் பண்ணாதடி" என்றாள்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை.

அடுத்த வருஷம் அதே ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். புகுந்த வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று மாத்திரையை விட்டிருக்கிறாள், பார்த்ததுமே புரிந்துவிட்டது. பக்கத்தில் மாமியார். நல்ல மனுஷி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தான் சமையலில் போடும் காரம்தான் மருமகளை இப்படி ஆக்கிவிட்டது என்று என்னிடம் கண்கலங்கினார். எனக்கும் அதே நோய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுப் பொண்ணுக்கு இது புதுசும்மா. பயந்துக்கினு கிடக்குது. நீ கொஞ்சம் சொல்லிக் குடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்ளோ நாளா இருக்குதுங்க?"

எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று ஆத்திரமாக வந்தது. உடைத்தால் அவள் அப்பன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"சரிங்கக்கா" என்று தலையாட்டினாள். என்னைவிட நாலு மாதம் பெரியவள் அவள்.