சீந்தில் சாறும் கேட்காத கேள்வியும்

எமர்ஜென்சி வந்த வருஷம், ஆடி மாதம். என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போய் ஊசி போட்டு வந்தோம். கட்டி வற்றியது. ஆனால் அந்த மருந்தே அவரைப் படுக்க வைத்துவிட்டது. வாயெல்லாம் புண். காய்ச்சல். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் காய்ச்சலைத் தணித்து அனுப்பினார்கள்.

“எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையும் மருந்து அடக்கிடுச்சும்மா. ரத்தம் ஊறட்டும், அடுத்த ஊசியை அப்புறம் போடலாம்” என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். “உனக்குக் கண்ணில்லையா? அவரைக் காப்பாத்து!” என்று வாசலில் நின்று கத்தினேன்.

அவருடைய அண்ணன் சீந்தில்கொடியை இடித்துச் சாறு கொண்டு வந்தார். ரத்தம் ஊறுமாம். கொடுக்கலாமா என்று அம்மனிடம் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிப் பாதத்தில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. கொடுத்தோம். நாலு வாய் சோறு இறங்கியது, முகத்தில் களை வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதோடு விட்டாரா அண்ணன்? “அம்மனே மருந்து காட்டிட்டா அம்மிணி. இனி ஊசி எதுக்கு?” என்றார். ஊசிக்குப் பயந்திருந்த இவரும் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் தாண்டிப்போனது. கட்டி மறுபடி தலைகாட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாறு கொடுக்கலாமா என்றுதானே கேட்டோம்? ஊசியை நிறுத்தலாமா என்று யார் கேட்டது?

“மறுக்காப் பூ கேக்கோணுங்க மாமா” என்றேன் அண்ணனிடம்.

“ஒருக்காக் கேட்டதை மறுக்காக் கேக்கறது தெய்வக் குத்தம்.”

“நான் கேக்கப் போறது நீங்க கேக்காததுங்க!”

அவர் வரவில்லை. நானே போனேன். “ஊசிக்குக் கூட்டிப் போகட்டுமா, வேண்டாமா? சொல்லு!” என்றேன். சிவப்பு வந்திருந்தாலும் கூட்டிப் போயிருப்பேன் என்று இப்போது வீறாப்பாகச் சொல்லலாம். அன்று பூசாரி பொட்டலத்தைப் பிரிக்கும்வரை கண்ணையே திறக்கவில்லை. வெள்ளை வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். தாமதத்துக்கு டாக்டர் திட்டினார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “ஊசியைத் தாங்கும்” என்றார். சாற்றைப் பற்றிச் சொன்னேன்.

“ரத்தம் தானாவும் ஊறும்மா. சாறு உதவுச்சான்னு எனக்குத் தெரியாது. ஊசி முடியுற வரைக்கும் அதை நிறுத்தி வைங்க.”

நிறுத்தினேன். ஊசிகள் முடிந்தன. கட்டி போயே போனது. இன்று இவர் வயலில் தண்ணீர் கட்டுகிறார். தாயே, உனக்குக் கோடி நன்றி. முன்பெல்லாம் அவள் முன்னால் பயந்து நிற்பேன். இப்போது மனதில் பட்டதை அப்படியே பேசுகிறேன்.

அண்ணனோ சாறு ஒன்றே குணமாக்கியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதை நம்பி யார் வீட்டில் யார் சாகப் போகிறார்களோ! அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால் அம்மனிடம் வாருங்கள். அழுதுகொண்டு வாருங்கள், திட்டிக்கொண்டும் வாருங்கள், அவள் கேட்பாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வந்துவிட்டுப் போங்கள்.