ஈஸ்வரன் வீட்டு டெலிபோன்

காலை 5.40. சென்னைப் பேருந்து என்னைத் தேனியில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். திண்டிவனம் தாண்டியதிலிருந்து முன் இருக்கைக்காரர் தன் இருக்கையை என் மடியில் சாய்த்துவிட்டுத்தான் வந்தார். இரண்டு தடவை சொன்னேன். தூங்குகிற மனிதரிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு டீக்கடை தேடிப் போனேன்.

2006, ஐப்பசி மாதம். கையில் ஒரே ஒரு பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, நாலாக மடித்த ஒரு காகிதம். துக்கம் கேட்கப் போகிற வீட்டுக்குப் பழமோ பலகாரமோ வாங்கிப்போகும் வழக்கமில்லை என்பதால் கை காலியாகத்தான் இருந்தது. துக்கம் நடந்து நாலு மாதம் ஆகிவிட்டது. நண்பர் ஈஸ்வரன் இறந்த அன்று நான் கண்புரை அறுவை செய்து கட்டோடு படுத்திருந்தேன். பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னார். உண்மைதான். ஆனால் கட்டுப் பிரித்த பிறகும் மூன்று மாதம் அதே டாக்டரைச் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று தெரியவில்லை.

இப்போதும் நானாக வரவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஈஸ்வரனின் மகள் கவிதா கேட்டுக்கொண்டதால் வந்தேன். பையிலிருந்த காகிதம் அவள் அனுப்பியது. ‘இறந்துபோன என் கணவர் பெயரிலுள்ள தொலைபேசி இணைப்பைத் திருப்பி ஒப்படைக்கிறேன்’ என்று நாலு வரி தட்டச்சு செய்திருந்தது. அதில் அவள் அம்மா பஞ்சவர்ணத்திடம் கையெழுத்து வாங்கி உத்தமபாளையம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது என் வேலை. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா அழுகிறாள், அந்தப் போனே வேண்டாம் மாமா என்று கவிதா சொல்லியிருந்தாள். எனக்கும் நியாயமாகப் பட்டது.

காலை 6.30. உத்தமபாளையம் பேருந்து. முப்பத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் பத்து ரூபாய். வீரபாண்டியில் முல்லையாறு செம்மண் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்த வயல்களில் மழைத் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலை இருக்கிற இடத்தில் வெறும் மேகம்தான் இருந்தது.

சின்னமனூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாழைக்காய் வியாபாரி. ராத்திரி மழையில் அவருடைய கொட்டகை போன் வேலை செய்யவில்லையாம், லோடு சொல்ல நேரிலேயே போகிறாராம். அலுத்துக்கொண்டே சொன்னார். “முன்னாடி ஒருத்தர் இருந்தாக சார், ஈஸ்வரன்னு. மழை விட்டா மத்தியானத்துக்குள்ள வந்து நிப்பாக. போஸ்ட்டு மேல ஏறி, சரிபண்ணி, அங்கன இருந்தே அவுக வீட்டுக்காரம்மாவக் கூப்பிட்டு ‘கேக்குதா’ன்னு கேப்பாக. நாங்க கீழ நின்னு சிரிப்போம். நல்ல மனுசன், போய்ச் சேந்துட்டாக.”

அவர் என் நண்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சாவுக்கு வந்தீகளா என்று கேட்பார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஈஸ்வரன் தொலைபேசி லைன்மேன். 1996இலிருந்து ஐந்து வருஷம் உத்தமபாளையம் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர் என்றுதான் கோப்பில் இருக்கும். குடும்பத்தைச் சென்னையில் விட்டுவிட்டு ஒற்றை அறையில் கிடந்த எனக்கு ஊரில் இருந்த ஒரே நண்பர் அவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர் வீட்டில்தான். மகளுக்குத் தலை வாரிவிடுவார், வெங்காயம் உரிப்பார், பஞ்சவர்ணத்துக்குத் தலைவலி என்றால் தானே குழம்பு வைப்பார். அந்தக் குழம்பு வாயில் வைக்க முடியாது. ஆனாலும் நாலு பேரும் சாப்பிடுவோம்.

பழுது சரிசெய்ததும் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஈஸ்வரன் தன் வீட்டைக் கூப்பிடுவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. பெண்டாட்டியோடு கொஞ்ச இலாகா லைன்தானா கிடைத்தது என்று ஒருமுறை கண்டித்தேன். அவர் கோபப்படவில்லை. “எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டா கேக்காமலே ஓகேன்னு வச்சிருவாக சார். எம் பொண்டாட்டிதான் பொய் சொல்லமாட்டா” என்றார். பிறகு பார்த்தால் பிரிவிலிருந்த மற்ற லைன்மேன்களும் அந்த நம்பரையே சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எந்த நேரமும் எடுக்க ஆள் இருந்த வீடு அது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. போஸ்ட்டிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று இருபது வருஷம் பயந்திருந்த பெண்ணுக்கு, பாயில் படுத்திருந்தவரை எழுப்பப்போய்த்தான் தெரிந்தது.

காலை 7.50. உத்தமபாளையம். டெலிபோன் அலுவலக வாசலில், கிளம்பத் தயாராகச் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார் மொக்கச்சாமி. ஈஸ்வரனோடு கூடவே வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நானும் அப்படியே நின்றிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. பழைய அதிகாரி எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டான். செத்த வீட்டுக்கு இன்னமும் டெஸ்ட் கால் போடுகிறீர்களாமே, அந்த அம்மா அழுகிறது தெரியுமா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

மொக்கச்சாமி தலை குனிந்தார். “வெரலு தானாப் போகுது சார். அதுவும் போக, அந்தத் தங்கச்சி என்ன சொல்லும்னா...” என்று ஏதோ சொல்லவந்தார். நான் கேட்கவில்லை. இன்றிலிருந்து ஒருத்தரும் அந்த நம்பரைக் கூப்பிடக்கூடாது என்று வாக்குக் கேட்டு வாங்கினேன். நண்பனுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

காலை 9.10. கோம்பை வழியாகப் பண்ணைப்புரம் போகும் நகரப் பேருந்து, டிக்கெட் நாலு ரூபாய். கோம்பையைத் தாண்டியதும் மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது, சரிவில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரம் டெலிபோன் போஸ்ட் ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. இதில் அவர் ஏறாத போஸ்ட் ஒன்றாவது இருக்குமா என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சொட்டு மருந்து எடுத்து விட்டுக்கொண்டேன், பக்கத்தில் இருப்பவர் தப்பாக நினைக்காமல் இருக்க.

காலை 9.55. பண்ணைப்புரம். வாசலில் என்னைக் கண்டதும் பஞ்சவர்ணம் “அண்ணே” என்று ஒரு குரல் எடுத்து அழுதார். இந்தப் பக்கத்தில் முதல் தடவையாகத் துக்கம் கேட்க வருகிறவரைப் பார்த்தால் வீட்டுப் பெண்கள் அழுது முடித்த பிறகே பேச்சு. நானும் அழுதேன். மாலை போட்ட படத்தில் ஈஸ்வரன் அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு விறைப்பாக இருந்தார். அந்த மனிதர் அப்படி விறைப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு சமையல் நடந்தது. தட்டைப்பயறுக் குழம்பு, முட்டை. சாவுக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவர் கவனம் பேச்சில் இல்லை. பதினொரு மணியிலிருந்து அலமாரிக்கு மேல் இருந்த போனைப் பார்ப்பதும், மணி என்ன என்று என்னைக் கேட்பதுமாக இருந்தார். ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

பகல் 12.15. எனக்குக் குழம்பு ஊற்றவந்தவர் கரண்டியும் கையுமாக மூன்றாம் தடவை மணி கேட்டார். “காலையில இருந்து ஒருத்தன் கூப்பிடலண்ணே. ராத்திரி பேஞ்ச மழைக்குப் பாதி ஊரு லைன் போயிருக்கும். எல்லாரும் போஸ்ட்டுலதான் நிப்பாக. எவனாச்சும் வழுக்கி விழுந்து, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாகளோ என்னமோ தெரியலயே.”

இலையிலிருந்து கையை எடுத்தேன். மறைத்துப் பிரயோஜனமில்லை.

“கூப்பிட வேணாம்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன் தங்கச்சி.”

“எதுக்கு?”

“போன் அடிச்சா நீ அழுகிறேன்னு கவிதா சொல்லுச்சு.”

“ஆமா, அழுகத்தான் செய்யிறேன். அழுதுட்டு எடுக்கிறேன்ல? அவுக செத்ததுக்கு அழுகாம வேற எதுக்கு அழுக?” கரண்டியைச் சட்டியில் வைத்தார். குரல் உயரவில்லை. “நாலு மாசமாச்சு. நீங்க ஒரு தடவ கூப்பிட்டீகளாண்ணே? அவுககூட வேல பாத்தவுகதான் கூப்பிட்டாக.”

என் இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரும் என்னை இப்படி நேராகக் கேட்டதில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

அவரே போய் உத்தமபாளையம் அலுவலகத்துக்குச் சுற்றினார். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்த மொக்கச்சாமிதான் எடுத்தார்போல. “மொக்கச்சாமிண்ணே, எல்லாரும் நல்லாருக்கீகளா? யாரும் விழுகலேல்ல? சரி. சார் சொன்னா நிப்பாட்டிருவீகளா? மழை நாளுல பாக்காம கொள்ளாம ஓகே போட்டா நாளைக்கு அதே லைன் மறுபடி போகும்ல. பழையபடி கூப்பிடச் சொல்லுங்க.”

நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் மணி அடித்தது. கவிதா சொன்னது உண்மைதான். முதல் மணிக்கே பஞ்சவர்ணத்தின் முகம் உடைந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு நாலாவது மணிக்கு எடுத்தார். எடுத்த பிறகு குரலில் அழுகையே இல்லை.

“யாரு, பாண்டியா? எங்கன நிக்கிற? பேசு, பேசிக்கிட்டே இரு. கரகரங்குது. மேல ஜாயிண்ட்டுல தண்ணி எறங்கிருக்கு. பிரிச்சுத் தொடச்சிட்டு மறுபடி சுத்து, நான் வைக்கிறேன்.” சிறிது நேரத்தில் மறுபடியும் மணி. “ம். இப்பக் கிளியரா இருக்கு. எறங்கையில பாத்து எறங்கு, போஸ்ட்டு ஈரமா இருக்கும்.”

ரிசீவரை வைத்துவிட்டு எனக்கு விளக்கினார். கரகரவென்றால் ஜாயிண்ட், ஊ என்று ஒரே சத்தமாக வந்தால் கம்பி எங்கோ தரையைத் தொடுகிற எர்த், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தால் கேபிளில் தண்ணீர். யாரும் சொல்லித்தரவில்லை. ஈஸ்வரன் சாயங்காலம் வந்து இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லச் சொல்ல, காதில் கேட்டதோடு சேர்த்து வைத்துக்கொண்டதாம். இருபது வருஷம் இந்தப் பிரிவின் லைனெல்லாம் இந்த அம்மாள் காது வழியாகத்தான் போயிருக்கிறது. மேற்பார்வையாளன் என்று சம்பளம் வாங்கியவன் நான்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். “எம் மக நல்லதுக்குத்தான் சொல்லுது. ஆனா இத ஒப்படைச்சிட்டு வீட்டுக்குள்ள நான் என்ன செய்ய?” என்றார். காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, “ஒப்படைக்கிறதுக்குப் பதிலா எம் பேருக்கு மாத்த முடியுமாண்ணே?” என்று கேட்டார்.

முடியும். கவிதாவின் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்து, என் கையாலேயே பெயர் மாற்ற விண்ணப்பம் எழுதினேன். ‘ஈ. பஞ்சவர்ணம்’ என்று அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதி முடிப்பதற்குள் இரண்டு அழைப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் அழுதார், இரண்டையும் எடுத்தார்.

பிற்பகல் 2.40. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அவர் தேவாரம் ஊரிலிருந்து வந்த ஏதோ ஒரு லைனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாலை 4.05. உத்தமபாளையத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மொக்கச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதத்தான சார் காலையில சொல்ல வந்தேன்” என்று மட்டும் சொன்னார். பேருந்து நிலையத்தில் ஒரு ரூபாய் போனிலிருந்து கவிதாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபித்தாள். பாண்டியிடம் அவள் அம்மா பேசியதை அப்படியே சொன்னதும் கோபம் தணிந்துவிட்டது. அடுத்த மாதம் வந்து தன் அம்மாவோடு நாலு நாள் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

தேனி பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்துகொண்டு போஸ்ட் மேல் நிற்கிற ஒருவன் ‘கேக்குதா’ என்று கேட்க ஈஸ்வரன் வீட்டைக் கூப்பிட்டால் அங்கே யாரும் பதறுவதில்லை. எனக்கும் அப்படி ஒன்று செய்து பார்க்கத் தோன்றியது. நாணயத்தைப் போட்டுச் சென்னைக்குச் சுற்றினேன். என் மனைவி எடுத்தாள்.

“நான்தான். சும்மாதான் கூப்பிட்டேன். நல்லாக் கேக்குதா?”

 “யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறிப்போய்க் கேட்டாள்.  கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். காரணமில்லாமல் நான் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவளை நம்பவைப்பதற்குள் இன்னும் மூன்று நாணயம் போடவேண்டியிருந்தது.