மச்சினி மாற்றிய ஒரு வரி

என் மச்சினிக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். வருகிறவர் யாராவது "நான் எதையும் தொடவே இல்லையே" என்று ஆரம்பித்தால், "அப்ப பேயா வந்து தொட்டுச்சு?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அப்படியும் கடையில் கூட்டம் குறைந்ததில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் கை வைப்பதற்கு முன் அதன் அமைப்புகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள்வாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். அதைச் சோதித்த பிறகுதான் அடுத்தது. இந்தப் பொறுமையில் கால்வாசியைப் பேச்சில் காட்டினால் தேவலை என்பாள் என் மனைவி. அவளுக்கு அக்காவாயிற்றே, சொல்லலாம்.

எனக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஒரு விபத்து, அந்தக் கதை இப்போது வேண்டாம். பற்களில் கடித்த குச்சியால் விசைப்பலகையைத் தட்டித் தட்டி, ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கரண்ட்தான் எனக்கு எமன். போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்; கரண்ட் திரும்பினாலும் பெட்டியின் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தும் பார்த்தோம். குச்சி வழுக்கியதுதான் மிச்சம். ஆகவே ஒவ்வொரு முறையும் மனைவி அலுவலகத்திலிருந்து ஓடிவருவாள், பொத்தானை அழுத்துவாள், திரும்ப ஓடுவாள். "இன்னொரு தடவை பாதியில எழுந்து போனா, வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று அவள் மேலாளர் சொல்லிவிட்டார். சரி, என் வேலையை நான் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"விடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?" என்று பையோடு வந்து நின்றாள் மச்சினி. பெட்டியை ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்குள் ஒரு விசையைப் படபடவென்று தட்டினாள். நான் பார்த்தே இராத ஒரு நீலத் திரை வந்தது.

"இதுதான் பயாஸ். விண்டோஸ் முழிக்கறதுக்கு முன்னாடியே முழிக்கறது."

வழக்கம்போல் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்தாள். கரண்ட் போய்த் திரும்பினால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அணைந்தே இருக்கும்படி வைத்திருந்ததை, தானே ஆன் ஆகும்படி மாற்றினாள். பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். யாரும் தொடாமலே பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

மறுநாள் கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது.

மாலையில் மச்சினி பயாஸைத் திறந்து பார்த்தாள். அந்த வரி பழையபடியே இருந்தது.

"கரண்ட் போய் வந்தா தேதி தப்பாக் காட்டுமா?"

"எப்பவும் காட்டும். நானே திருத்திக்குவேன்."

என்னை முறைத்தாள். "ஊர்த் தப்பையெல்லாம் திருத்தற மாதிரி இதையும் சத்தமில்லாம திருத்திட்டீங்களாக்கும். உள்ள இருக்கற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு மாமா. கரண்ட் இல்லாதப்ப தேதி, நான் மாத்தினது எல்லாத்தையும் அதுதான் ஞாபகம் வெச்சுக்கணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நேத்து பிடுங்கின கையோட செருகிட்டேன். கொஞ்ச நேரம் விட்டுப் பாத்திருக்கணும்."

புதுப் பேட்டரி போட்டு, வரியை மறுபடி மாற்றி, பிளக்கைப் பிடுங்கினாள். இம்முறை செருகவில்லை. கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தவள், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் பொய்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. இருட்டிய பிறகுதான் பிளக்கைச் செருகினாள். பெட்டி எழுந்தது. என் மச்சினியைப் போல ஒருத்தி எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும்.

அடுத்த வாரமே ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. வந்ததும் பெட்டி எழுந்தது. நானும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அலுவலகத்திலும் கரண்ட் போனதைப் பார்த்து, மதிய இடைவேளை வரை எப்படியோ பொறுத்திருந்த மனைவி, இரைக்க இரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தாள். நான் ஒரு பத்தியின் நடுவில் இருந்தேன்.

குச்சியை வாயிலிருந்து விட்டுவிட்டு, "எதுக்கு வந்தே? போய் வேலையப் பாரு" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விழுந்த குச்சியை எடுத்துத் துடைத்து என் வாயில் வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். படிகளில் அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள்.